யார் பார்த்தது?

ரெடிமேட் சட்டை தைக்கும் பட்டறையில் அவர் கட்டிங் மாஸ்டர். பத்துச் சட்டைக்கான துணியில் பதினொன்று எடுத்துவிடுவார் என்பதால் எல்லோரும் அவரை 'மிச்சம்' என்று கூப்பிட்டார்கள். அந்தப் பதினொன்றாவது சட்டை முதலாளிக்குப் போகும். பட்டப்பெயர் மட்டும் இவருக்கு.

இளவயதிலிருந்தே அவருக்கு வலிப்பு உண்டு. பட்டறையில் யாரிடமும் மூச்சு விட்டதில்லை. துணி வெட்டும் மெஷின் முன்னால் வலிப்புக்காரனை யார் நிற்க விடுவார்கள்? விஷயம் தெரிந்தால் அன்றோடு வேலை போய்விடும். வேலை போனால் மாத்திரையும் போகும்.

அந்த மாத்திரையின் விலை ஏறிக்கொண்டே இருந்தது. சம்பளம் மட்டும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. மிச்சம் மாஸ்டர் முதலில் டீயை விட்டார், பிறகு பஸ்ஸை விட்டு நடந்தார், பிறகு ராச்சாப்பாட்டையும் விட்டுப் பார்த்தார். குறைக்க வேறெதுவும் இல்லாமல் போனபோது மாத்திரையைக் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டி, வேளைக்குப் பாதியாக விழுங்க ஆரம்பித்தார். தூள்கூடச் சிந்தாது. அதில் மனிதருக்குக் கொஞ்சம் பெருமை வேறு.

ஒரு விடுமுறை நாள் காலையில், குளித்துவிட்டு வந்தவர் அறையில் விழுந்தார். கண் விழித்தபோது தலை வெறும் தரையில் கிடந்தது, நாக்கு கடிபட்டிருந்தது, லுங்கி நனைந்திருந்தது. எவ்வளவு நேரம் கிடந்தார் என்று அவருக்கே தெரியாது. சுவருக்கு அந்தப் பக்கம் டிவியில் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். தானே எழுந்து, தானே தரையைத் துடைத்து, லுங்கியை அலசிப் போட்டார். அதன் பிறகுதான் அழுதார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில், வயதில் சின்னவரான டாக்டரம்மா, மாஸ்டர் தன் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டிய பாதி மாத்திரையைப் பார்த்தார்.

"இதை வெட்டினீங்களா? இது வயித்துல மெதுவாக் கரையற மாத்திரைங்க. வெட்டினா மருந்து ஒரேயடியா இறங்கிடும். அப்புறம் மிச்ச நேரத்துக்கு ஒண்ணுமே இருக்காது."

"சமமாத்தான் வெட்டினேங்க." வேறு என்னதான் சொல்வார், பாவம்.

"நீங்க விழுந்தத யார் பாத்தது?"

"ஏங்க?"

"வலிப்பால விழுந்தீங்களா, இதயத்துல ஏதாவது கோளாறானு தெரியணும். பாத்தவங்க சொன்னாப் போதும். யாரும் பாக்கலன்னா, ரெண்டு நாள் அட்மிட் பண்ணி டெஸ்ட் எடுக்கணும்."

அந்த டெஸ்டுக்கு ஆகும் செலவைச் சொல்லி வெளியே வரிசையில் ஒருவர் புலம்பியதை மாஸ்டர் கேட்டிருந்தார். அதைக் கொடுத்தால் பல மாதத்துக்கு முழு மாத்திரையும் கிடையாது, பாதி மாத்திரையும் கிடையாது. இரண்டு நாள் லீவுக்கு முதலாளியிடம் என்ன காரணம் சொல்வது?

"வீட்டுக்காரி பாத்தா" என்றார்.

அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. முன்பு இரண்டு இடத்தில் பேச்சு வந்தது. இரண்டு இடத்திலும் வலிப்பை மறைக்காமல் சொன்னார். பேச்சு அத்தோடு நின்றது.

"கை கால் இழுத்துச்சா?"

"இழுத்துச்சுன்னுதான் சொன்னா."

"எவ்வளவு நேரம்?"

"ரெண்டு நிமிஷம் இருக்குமாம்."

டாக்டரம்மா நம்பி எழுதிக்கொண்டார். விளையாடுவது தன் உயிரோடு என்று மாஸ்டருக்குத் தெரியாமல் இல்லை. கையில் காசில்லாதவன் வேறு எதை வைத்து விளையாடுவான்? அட்மிஷன் தப்பியது. வாயை மூடிக்கொண்டு எழுந்து வந்திருக்கலாம். ஆனால் வாய் நிற்கவில்லை.

"ரொம்பப் பயந்துட்டா. தலைய மடியில எடுத்து வச்சுக்கிட்டா. நான் கண்ணு முழிக்கிறவரைக்கும் கைய விடல."

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். "நல்லாப் பாத்துக்கறாங்க. அடுத்த தடவை அவங்களையும் கூட்டிட்டு வாங்க."

"சொல்றேங்க" என்றார் மாஸ்டர். "நேத்து ராத்திரி பூரா அவ தூங்கவே இல்ல."