ஜோர்ஜியாக்காரரின் மேசை

வைன் செய்யும் திராட்சைத் தோட்டம் பார்க்கப் போகிறோம் என்று என் கணவர் சொன்னதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிடைக்கிற ஒரு சனிக்கிழமையையும் குடிகாரர்களோடு கழிப்பதா? ஒனிஹங்காவில் அவரோடு வேலைசெய்யும் ஜோர்ஜியாக்காரர் அழைத்திருந்தார். நகருக்கு வெளியே குமேயுவில் அவருடைய மனைவியின் குடும்பத்துக்குத் தோட்டம் இருக்கிறது. வெஸ்ட்கேட்டில் எங்கள் வீட்டைப் பூட்டும்போதே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

முதலில் அயல் குடும்பங்களின் தோட்டங்களைச் சுற்றிக் காட்டினார். பிறகு தங்கள் கொட்டகைக்குள் அழைத்துப் போனார். அவருடைய நாட்டிலிருந்து வரவழைத்த பெரிய மண்சாடிகள் கழுத்துவரை நிலத்தில் புதைந்திருந்தன. பழத்தைத் தோலோடும் விதையோடும் போட்டு மூடிவிட்டால் மிச்சத்தை மண் பார்த்துக்கொள்ளுமாம். அள்ளித் தந்த வைன் வெறும் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. நாக்கில் தொட்டுப் பார்த்தேன், துவர்த்தது. எனக்குப் பிடித்துப்போனதை யாரிடமும் சொல்லவில்லை.

சாப்பாட்டு மேசையில் அவர்கள் சும்மா குடிப்பதில்லை. ஒவ்வொரு முறையும் வீட்டுக்காரரான அந்த ஜோர்ஜியாக்காரர் எழும்பி யாரையாவது நினைத்துப் பேசுவார். அதன்பிறகுதான் கிண்ணம் வாய்க்குப் போகும். ஒரு கட்டத்தில், இறந்துபோனவர்களுக்கு என்றார். எல்லோரும் எழும்பினார்கள். என் கணவர் எழும்பவில்லை.

அவருடைய தம்பி ஊரில் நடந்த இறுதி யுத்தத்தில் காணாமல் போனவர். எங்கள் வீட்டில் தம்பிக்குத் திவசமும் இல்லை, படத்துக்கு மாலையும் இல்லை. அவரைப் பற்றிய கதையும் இல்லை. கதைக்கத் தொடங்கினால் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று யாராவது கேட்பார்கள். அந்தப் பயத்தில் என் கணவர் வாயே திறப்பதில்லை.

"தம்பியைச் செத்த ஆக்களோட நான் எப்பிடியப்பா சேர்க்கிறது?" என்று என்னிடம் கேட்டார்.

வீட்டுக்காரருக்கு நான்தான் ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினேன். அவர் முகம் சுளிக்கவில்லை. இறந்தவர்களுக்கான கிண்ணத்தைக் குடித்து முடித்து, உடனே மறுபடி நிரப்பி, இது இன்னும் வந்து சேராதவர்களுக்கு என்று உயர்த்தினார். அந்தத் தம்பி எப்படிப்பட்டவர் என்று என் கணவரையே சொல்லச் சொன்னார். இம்முறை என் கணவர் எழும்பினார். நீந்தத் தெரியும் என்று புளுகிவிட்டுக் கிணற்றில் குதித்தவன் என்றார். மேசை முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார்.

எங்கள் ஆட்கள் எல்லோரும் பாவம் பார்த்துக் கேட்காமல் விட்டதை அந்த மனிதர் மரியாதையோடு கேட்டார். அவர் நல்லாயிருக்க வேண்டும். அவருக்கு நான் என்ன கைம்மாறு செய்ய முடியும்?

திரும்பும்போது நான் காரை ஓட்டினேன். "இன்னொண்டு சொல்லுறன், கேளும்," என்று என் கணவர் தொடங்கினார். தம்பி சைக்கிள் பழகியது, முட்டைப் பொரியலுக்கு அடிபட்டது, வாத்தியாரைப்போல நடந்து காட்டி மாட்டிக்கொண்டது. கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் நான் கேள்விப்படாத கதைகள். நான் ஓம், ஓம் என்று மட்டும் சொன்னேன். வெஸ்ட்கேட்டில் எங்கள் வீட்டுக்குத் திரும்பும் இடம் வந்தபோது அவர் நடுக் கதையில் இருந்தார். நான் திரும்பாமல் நேரே ஓட்டினேன்.