பொட்டு வைத்த மூடி அச்சு

நீலாவதியை யாராவது புகழ்ந்தால் முதலில் தலையாட்டுகிறவன் நான்தான். ஆனால் 1971-இல் அவர்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

பெண்ணாடத்திலிருந்து தினமும் பஸ்ஸில் விருத்தாசலம் வந்து எங்கள் பீங்கான் கம்பெனியில் வேலை பார்த்தார். ஊறுகாய் ஜாடிகளுக்கு மூடி பொருத்துவது அவர் வேலை. படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. விளிம்பில் ஒருமுறை கட்டைவிரலை ஓட்டிவிட்டு, "இது ஆடும்ண்ணே" என்பார். வைத்துப் பார்த்தால் ஆடும்.

நான் வீரமுத்து, அச்சு செய்கிறவன். வேலை சுத்தமானவன் என்று எனக்குப் பெயர். அந்தப் பெயரைப் பரப்பியதில் பாதிப் பங்கு என்னுடையது.

அந்த ஐப்பசி மழையில் கொட்டகைக் கூரை சரிந்து, பிளாஸ்டர் அச்சுகள் அத்தனையும் ஊறிக் கெட்டுப்போயின. முதலாளி தர்மராஜ் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். நான் மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். மூன்று வருடம் முன்பே எல்லா அச்சுக்கும் மாற்று செட் ஒன்று செய்து ஸ்டோர் அறையில் அடுக்கியிருந்தேன். ஆயுத பூசைதோறும் அவற்றை இறக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, மறுபடி உள்ளே வைத்துப் பூட்டுவோம்.

அந்த மாற்று அச்சுகளில் மண் கூழை ஊற்றினோம். சூளையைத் திறந்தபோது ஜாடிகள் அழகாக வந்திருந்தன. மூடியை வைத்தால் தொபுக்கென்று ஜாடிக்குள் விழுந்தது. ஒன்றிரண்டு அல்ல, அத்தனை மூடியும்.

அச்சில் குறையே இல்லை என்று நான் சத்தியம் செய்தேன். அப்படியானால் மண்தான் தப்பு, சூளையில் அளவுக்கு மீறிச் சுருங்கிவிட்டது என்றாயிற்று. மண் கலக்குகிறவர் கொளஞ்சியப்பன், மூன்று பெண் பிள்ளைகளின் தகப்பன். சனிக்கிழமையோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார் முதலாளி. கொளஞ்சியப்பன் மண் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நீலாவதிதான் பேசினார். "ஏண்ணே, ஜாடிக்கும் மூடிக்கும் ஒரே தொட்டி மண்ணுதான? மண்ணு கூடுதலா சுருங்கியிருந்தா ஜாடியும்ல சேந்து சுருங்கியிருக்கணும்?"

பழைய ஜாடி ஒன்றைக் கொண்டுவந்து புதியதன் பக்கத்தில் வைத்தார். மயிரிழை வித்தியாசம் இல்லை.

"மூடி பொருத்தறவளுக்கு அச்சப் பத்தி என்ன தெரியும்? போயி வேலையப் பாரு" என்று சீறினேன். இன்று நினைத்தாலும் கூசுகிறது.

வெள்ளிக்கிழமை மதியம் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நீலாவதி அச்சறைக்கு வந்தார். கையில் மழைக்கு முன்பு சுட்ட பழைய மூடி ஒன்று. அதை மாற்று அச்சுக்குள் வைத்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. என் கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது.

மண்ணைச் சுட்டால் எட்டில் ஒரு பங்காவது சுருங்கும். அதனால் அச்சு எப்போதும் சுட்ட பொருளைவிடப் பெரிதாக இருக்கும். சுட்ட மூடி அதற்குள் லொடலொடவென்று ஆட வேண்டும். இது ஆடவில்லை. அப்போதுதான் ஞாபகம் வந்தது. மாற்று செட் செய்த அன்று, அச்சு எடுப்பதற்காகச் சுருக்கத்தையும் சேர்த்துப் பெரிதாகக் கடைந்து வைத்திருந்த மூடியின் மாடல் கைதவறி உடைந்தது. புதிதாகக் கடையச் சோம்பல்பட்டு, ஆபீஸ் அலமாரியில் பளபளவென்றிருந்த சுட்ட மூடியை எடுத்து அதன்மேலேயே அச்சு எடுத்தேன். ஏற்கெனவே சுருங்கியதிலிருந்து எடுத்த அச்சு, மறுபடி சுருங்கிய மூடியைத்தானே கொடுக்கும்!

"வருசா வருசம் பொட்டு வச்சீங்களே, ஒரு தடவ கூழ ஊத்திப் பாத்தீங்களாண்ணே?" என்றார் நீலாவதி. கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார். பிறகு மெதுவாக, "மொதலாளிகிட்ட நீங்க போயி சொல்றீங்களா, நான் சொல்லட்டா?"

கையைக் கழுவிக்கொண்டு நானே போனேன். எல்லோர் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். என்னை விரட்டாததற்கு ஒரே காரணம், புது மாடல் கடைய வேறு ஆள் இல்லை. கொளஞ்சியப்பன் சனிக்கிழமையும் வந்தார், திங்கட்கிழமையும் வந்தார். நீலாவதி முகத்தை ஒரு மாதம் நான் ஏறிட்டுப் பார்க்கவில்லை. அவரோ எதுவும் நடக்காதது போல, "சாப்டீங்களாண்ணே?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

மறு வருடம் புது மாற்று செட் தயாராகியிருந்தது. ஆயுத பூசைக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. ஸ்டோர் அறை வாசலில் நீலாவதி நின்றார், பின்னால் கூழ் வாளியோடு கொளஞ்சியப்பன்.

"இந்தத் தடவ மொதல்ல ஊத்துங்கண்ணே."

ஊற்றினேன். சூளையிலிருந்து வந்த மூடியை அவரே ஜாடிமேல் வைத்து, விளிம்பில் கட்டைவிரலை ஓட்டினார். கொளஞ்சியப்பன் குனிந்து எட்டிப் பார்த்தார். நானும்தான்.

"ஆடல" என்றார் நீலாவதி. "இப்ப வைங்கண்ணே பொட்டு."