கண்ணாடியில் ஒட்டியிருந்த நம்பர்

அன்புக்கரசிக்கு வாய் நீளம். அதை அவளே ஒத்துக்கொள்வாள். அடையாற்றங்கரையில் இருந்த குடிசையை அரசாங்கம் இடித்து அவளைப் பெரும்பாக்கம் குடியிருப்பில் எட்டாவது மாடிக்கு ஏற்றியபோதும் சரி, மின்சார ஆட்டோ ஓட்டக் கிளம்பியபோதும் சரி, அந்த வாயை வைத்துத்தான் பிழைத்தாள்.

சார்ஜரிடம் மட்டும் அது பலிக்காது. குடியிருப்பில் வண்டிக்குச் சார்ஜ் போட வழியில்லை. சவாரி பெரும்பாலும் மயிலாப்பூர்ப் பக்கம். அங்கே அவள் வண்டிக்குப் பொருந்துகிற பொதுச் சார்ஜர் பூங்காச் சுவரோரம் இருக்கும் ஒன்றுதான். பக்கத்தில் இன்னொன்று பேருக்கு நிற்கிறது; அதில் காக்காய் உட்காரும், கரண்ட் வராது.

சார்ஜ் போட்டுவிட்டுப் போகிறவர்கள் கார்க் கண்ணாடியில் தங்கள் போன் நம்பரை ஒட்டிவிட்டுப் போவது அங்கே வழக்கம். அவசரக்காரர் கூப்பிட்டால் வந்து எடுப்பார்கள். போட்டவர் நிறுத்தாமல் பிளக் வெளியே வராது.

அன்று மத்தியானம் அங்கே ஒரு வெள்ளைக் கார் நின்றது. கூரையெல்லாம் சருகு. அன்புக்கரசியின் வண்டியில் சார்ஜ் சிவப்புக்கு இறங்கியிருந்தது. ஆதம்பாக்கத்தில் அவளுடைய வாடிக்கைச் சவாரியான ஜமீலுன்னிசா டயாலிசிஸுக்கு ஆஸ்பத்திரி போகக் காத்திருந்தாள். அந்த அம்மாளை மாடியிலிருந்து தூக்கி இறக்க இவளை விட்டால் ஆள் கிடையாது. போன தடவை டயாலிசிஸ் தவறிப்போய் மூச்சு முட்டி, பிழைத்ததே பெரும்பாடு.

கார்க் கண்ணாடியில் இருந்த நம்பரைப் போட்டாள். உடனே எடுத்தார்கள்.

"இதோ வந்துண்டே இருக்கேன்மா" என்றது ஓர் ஆண் குரல். அந்தப் பக்கம் தெருச் சத்தமோ மூச்சுச் சத்தமோ இல்லை.

யாரும் வரவில்லை. மறுபடி போட்டாள். அதே வார்த்தை, அதே இழுப்பு.

"எடுத்தாரா?"

பின்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். வைதேகி என்று பேர் சொன்னாள், கார் தன்னுடையதுதான் என்றாள். "என் ஆத்துக்காரர் நம்பர். அவர் போய் வருஷம் ஆச்சு. போனை நான்தான் அணைச்சு பீரோவுல பூட்டி வெச்சிருக்கேன்."

அன்புக்கரசி கையிலிருந்த தன் போனைப் பார்த்தாள்.

"நான் கூப்பிட்டா எடுக்க மாட்டேங்கறார். வண்டிய நகர்த்தணும்னு யாராவது கூப்பிட்டாத்தான் எடுக்கறார். அதான் இங்கேயே நிறுத்திண்டிருக்கேன்."

"அங்க ஒரு உசுரு ஊசலாடிக்கினு கீதும்மா. பிளக்க எடு."

"எடுத்துடறேன். ஒரே ஒரு தரம் கூப்பிடுங்கோ. வலிச்சுதான்னு மட்டும் கேளுங்கோ. கடைசில நான் பக்கத்துல இல்ல."

பயம் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் பாவமாக இருந்தது. போட்டாள்.

"சார், உங்க வூட்டம்மா கேக்குறாங்க. வலிச்சுதா?"

அந்தக் குரல் திருப்பிக் கேட்டது: "பக்கத்துல இருக்காளா?"

"கீறாங்க."

"வலிக்கலைன்னு சொல்லிடுங்கோ."

அன்புக்கரசி போனை இறக்கினாள். "வலிக்கலன்றாரும்மா" என்றாள். ஊரையே வாயால் வளைக்கிறவள் அந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டாள்.

வைதேகி கண்ணைத் துடைத்துக்கொண்டு சார்ஜை நிறுத்தினாள். பிளக்கை உருவிவிட்டுச் சொன்னாள்: "நாளன்னிக்கும் வாங்கோ. வேற ஒண்ணு கேக்கணும்."

அரை மணியில் ஆதம்பாக்கம் போகிற அளவுக்குச் சார்ஜ் ஏறியது. நாளை மறுநாளும் ஜமீலுன்னிசாவுக்கு டயாலிசிஸ் உண்டு. வேறு சார்ஜர்தான் இல்லை.