காற்றை எண்ணும் பெட்டி

முழங்கால் விட்டுப்போன பிறகு என்னால் தேயிலைக் கொழுந்து எடுக்க முடியவில்லை. நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் உள்ள மேட்டில் பல்கலைக்கழகத்துக்காரர்கள் ஒரு தகரக் கொட்டகை போட்டு, காற்றை உறிஞ்சும் பெட்டி ஒன்றை வைத்தார்கள். அதைப் பார்த்துக்கொள்ள எஸ்டேட் துரை என்னைப் போட்டார். தரையைத் துடைக்க வேண்டும், நெடியடிக்கும் திரவப் புட்டியை மாற்ற வேண்டும், திரையில் எண் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியாத தூசியை அந்தத் திரவத்தின் ஆவியில் நனைத்து, பருக்க வைத்து எண்ணுமாம். தூசியை எண்ணவும் சம்பளம் கொடுப்பார்கள் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

வீட்டில் என் கணவருக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. முதுகில் பம்பைச் சுமந்து, மலை மலையாக ஏறித் தேயிலைக்கு மருந்தடித்தே ஓய்வு பெற்றவர். கீழே கிள்ளான் டவுனில் இருக்கும் எங்கள் மகள், பெரிய ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது, வந்துவிடுங்கள் என்று போனில் கெஞ்சாத வாரமில்லை. இவர் அசைந்து கொடுக்கவில்லை.

"இந்தக் காத்த வுட்டுட்டு லோரி பொகையில போயி சாவ சொல்றியா? இங்க காத்து மோசம்னு ஒன் பொட்டி சொல்லட்டும். அன்னிக்கே பைய தூக்குறேன்."

எனக்கு அலுத்துவிட்டது. மலையோ கிள்ளானோ, இந்த மனுஷன் ராத்திரியில் உட்கார்ந்தபடி தூங்காமல் படுத்துத் தூங்கினால் போதும் என்ற நிலைக்கு நான் வந்திருந்தேன்.

அதன் பிறகு நான் வீட்டுக்குள் கால் வைக்கும்போதே, "இன்னிக்கி எவ்ளோ?" என்பார். சொல்வேன். சொல்லச் சொல்ல அவர் முகம் வாடியது. புகைமூட்டம் வந்து எதிர்மலையே தெரியாத நாட்களில் எண் பெரிதாகத் துள்ளவில்லை. மழை கழுவிவிட்டுப் பளிச்சென்று விடிந்த காலைகளில்தான், வெயில் ஏற ஏற அதுவும் விறுவிறுவென்று ஏறியது. நல்ல காற்றைக் கெட்டது என்கிறதே என்று எனக்கும் அந்தப் பெட்டிமேல் எரிச்சல்தான்.

"பூச போடாத மிஷினு எப்புடி ஒழுங்கா ஓடும்?" என்றார் ஒருநாள்.

எஸ்டேட்டில் லோரிக்கும் பூசை உண்டு, பாக்டரியில் இலை அரைக்கும் மிஷினுக்கும் உண்டு. அவருடைய மருந்துப் பம்புக்கே பொட்டு வைத்துத்தான் தோளில் மாட்டுவார். அந்த வெள்ளிக்கிழமை, வேண்டாம் என்று நான் கத்தியதைக் காதில் வாங்காமல், சாம்பிராணிக் கரண்டியோடு என் பின்னாலேயே மேடு ஏறினார். வழியெல்லாம் உட்கார்ந்து உட்கார்ந்துதான் வந்தார். பெட்டிக்குக் குங்குமம் வைத்தார், எலுமிச்சம்பழம் வைத்தார். சாம்பிராணியைச் சுற்றிக் காட்டிவிட்டு, வெளியே நீட்டிக்கொண்டிருந்த குழாயின் வாய்க்கும் பக்தியோடு காட்டினார். திரையில் எண் தலைதெறிக்க ஓடியது.

"மோசம்னே சொல்லிருச்சி" என்று கரண்டியைக் கீழே வைத்தார்.

அதற்குள் போன் அடித்தது. பட்டணத்தில் இருந்தபடியே இந்த எண்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆராய்ச்சி மாணவி. "ஆன்ட்டி, அங்க என்னா எரியுது?"

அடுத்த வாரம் அவளே வந்துவிட்டாள். திட்டப்போகிறாள் என்று நான் முறைப்பாகவே நின்றேன். குங்குமத்தைப் பார்த்துச் சிரித்தாள், துடைக்கவில்லை. பளிச்சென்ற நாளில்தான் பெட்டி எண்ணை ஏற்றிக் காட்டுகிறது என்று இவர் விடாமல் தம்முடைய வழக்கை எடுத்து வைத்தார்.

"அது கெட்ட காத்துனு சொல்லல அங்கிள். எத்தன இருக்குன்னு மட்டும்தான் சொல்லுது" என்றாள். "எல, மரம் எல்லாம் ஆவி வுடுது. கீழ லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்குல காய்கறித் தோட்டத்துல போடுற கோழி எருவுலேருந்தும் வருது, லோரி பொகையிலேருந்தும் வருது. புகைமூட்டம் இருந்தா அந்த ஆவியெல்லாம் பழைய தூசி மேலயே ஒட்டிக்கும். மழை பேஞ்சி காத்து சுத்தமா இருந்தா ஒட்ட எடம் இல்ல. வெயில் பட்டதும் அதுங்களே ஒன்னோட ஒன்னு சேந்து புதுத் தூசியா பொறக்குது. வளந்துச்சினா அது மேலதான் மேகத்துத் தண்ணி ஒக்காரும்."

"டவுன்ல?" என்று கேட்டார் இவர்.

"அங்கயும் பொறக்குது. ஆனா கார், மோட்டார் கக்குறதே ஜாஸ்தி. பொறக்குறதுல பாதிய அந்தப் பழைய புகையே முழுங்கிரும். புதுசு எல்லாமே நல்லதுன்னும் நான் சொல்ல மாட்டேன். ஆனா ஒங்க காத்து மோசம் இல்ல."

அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் பார்த்து எத்தனையோ காலமாகியிருந்தது. "கேட்டுக்கிட்டியா?" என்று என்னைப் பார்த்தார். இனி இவரை யார் அசைக்க முடியும்?

அன்றும் மழை விட்ட காலை. "வெளிய வாங்க அங்கிள், இப்பக்கூட பொறந்துகிட்டுதான் இருக்கு" என்று அவள் கூப்பிட்டாள். வெயிலில் போய் நின்றார். ஜெயித்த மனுஷன் அல்லவா, நெஞ்சை நிமிர்த்தி ஒரு பெரிய மூச்சு இழுக்கப் பார்த்தார்.

பாதியில் நின்றுவிட்டது. மறுபடி முயன்றார், வரவில்லை. இருமிக்கொண்டே தேயிலைச் செடியைப் பிடித்துக் குனிந்துவிட்டார். அந்தப் பெண் பயந்து தண்ணீர் எடுக்க ஓடினாள். நான் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். சட்டைக்குள் எலும்பு எலும்பாகத் தட்டுப்பட்டது.

வெகுநேரம் கழித்துத்தான் நிமிர்ந்தார்.

"காத்துல ஒன்னும் கொற இல்ல புள்ள. எனக்குத்தான் இழுக்க முடியல. நம்ம மவளுக்குப் போன் போடு."

மாதக்கணக்கில் நான் காத்திருந்த வார்த்தை அது. கேட்டதும் சந்தோஷம் வரவில்லை, அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது. மகள் போனை எடுத்துவிட்டாள். நான் போனை அவர் பக்கம் நீட்டினேன். அவரே வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார்.

"நாங்க வர்றோம்மா" என்றவர், மூச்சு சேரும்வரை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "ஒங்க பிளாட்டுல லிப்ட் ஒழுங்கா ஓடுதா?"