சாயம் போன தண்ணீர்

மலேசியாவில் கிள்ளானை அடுத்த மேருவில் உள்ள அந்தச் சாயப்பட்டறைக்கு நான் முதன்முதலில் போன அன்று, பின்பக்கக் கால்வாயில் தண்ணீர் ஊதா நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. முந்தின நாள் சிவப்பாக ஓடியதாம். உள்ளே துணிக்கு என்ன சாயமோ, வெளியே தண்ணீருக்கும் அதே சாயம். பட்டறையை நடத்தியவர், நான் அக்கா என்று கூப்பிடும் பெண்மணி, என் பக்கத்தில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கிள்ளானில் துணி வியாபாரம் செய்யும் குடும்பம் அவருடையது. தகப்பனார் தொடங்கிய பட்டறையை அவருக்குப் பிறகு இவர் எடுத்து நடத்தினார். சுற்றுச்சூழல் அதிகாரிகள் வந்து எச்சரித்துவிட்டுப் போயிருந்தார்கள். தண்ணீரின் நிறத்தைக் குறைக்காவிட்டால் பட்டறையை மூட வேண்டியதுதான்.

"ரெண்டு கம்பெனிக்காரங்க வந்து பார்த்துட்டுப் போயிட்டாங்க டாக்டர். அவங்க சொல்ற மெஷினைப் போடணும்னா பட்டறைய வித்துதான் போடணும்," என்றார்.

எங்களுக்குள் பழக்கம் ஏற்பட்டது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், தீபாவளிக்கு எல்லாரையும் வீட்டுக்கு அழைத்து விருந்து வைக்கும் ஒரு திறந்த இல்ல உபசரிப்பில். முறுக்குத் தட்டுக்கு முன்னால் நின்றபடி, என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். முனைவர் பட்டத்தை முடித்துவிட்டு, கோலாலம்பூரில் படித்த பல்கலைக்கழகத்திலேயே இரசாயனப் பொறியியல் ஆய்வாளராக நான் தொடர்ந்த காலம் அது. செம்பனைக் கொட்டை ஓட்டைக் கரியாக்கி, அதைக் கொண்டு அழுக்குத் தண்ணீரைச் சுத்தம் செய்யப் பார்க்கிறேன் என்றேன். இப்படிச் சொன்னால் அநேகமாக எல்லாரும் தலையாட்டிவிட்டு அடுத்த ஆள் பக்கம் திரும்பிவிடுவார்கள். இவர் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு என் கைப்பேசி எண்ணைக் கேட்டார்.

கொட்டை ஓடு எனக்குப் புதிய பொருள் இல்லை. அப்பா பந்திங் ஊர்ப் பக்கம் பாமாயில் எடுக்கும் ஒரு செம்பனை ஆலையில் பாய்லர் பார்த்தவர். எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் ஓடுதான் பாய்லருக்கு விறகு. அதிலும் மிஞ்சினால் தோட்டத்துச் சாலையில் கொட்டிப் பரப்பிவிடுவார்கள். ஆய்வுக்கு ஓடு தேவை என்று நான் சொன்னதும், பணி ஓய்வு பெற்றிருந்த அப்பா பழைய ஆலையில் பேசி, மூட்டை கட்டி, தன் காரிலேயே ஏற்றிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கு வந்துவிட்டார். வாசலில் காவலர் நிறுத்தி மூட்டையில் என்ன என்று கேட்டிருக்கிறார். என் மகளுடைய ஆராய்ச்சி என்றாராம் அப்பா.

ஓட்டைக் காற்றுப் படாமல் சுட்டால் கரியாகும். சூடான கரிக்குள் நீராவியைச் செலுத்தினால் கண்ணுக்குத் தெரியாத துளைகள் எண்ணி மாளாத அளவுக்கு உண்டாகும். அந்தக் கரியின் வழியே தண்ணீரை விட்டால், அதிலுள்ள அழுக்கு துளைகளுக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். ஆய்வுக்கூடங்களில் வழக்கமாகச் சோதித்துப் பார்க்கும் நீலச் சாயம் ஒன்று உண்டு. அதை என் கரி ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் உறிஞ்சியது. அந்த தைரியத்தில்தான் ஒரு பிளாஸ்டிக் பீப்பாயில் கரியை நிரப்பி, பம்பு மாட்டி, மேருவுக்குக் கொண்டுபோனேன்.

தொழிலாளிகள் ஓய்வு நேரத்தில் வந்து சுற்றி நின்றார்கள். பம்பை ஓடவிட்டேன். முதலில் கொஞ்ச நேரம் தண்ணீர் வெளுப்பாக வந்தது. யாரோ கைகூடத் தட்டினார்கள். பிறகு மெல்ல நிறம் ஏறி, கடையில் விற்கும் ரோஸ் சிராப் போல வந்து விழுந்தது. அதற்குப் பிறகு அதுவும் வரவில்லை. பீப்பாய் அடைத்துக்கொண்டு பம்பு முனகத் தொடங்கியது. நானே போய் சுவிட்சை அணைத்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அவரவர் வேலைக்குத் திரும்பிப் போனார்கள். எனக்குத்தான் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அக்கா என்னை உள்ளே அழைத்துப்போய் உட்காரவைத்து, நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தார். நான் சாப்பிட்டு முடிக்கும் வரை வேறு ஏதேதோ பேசிக்கொண்டிருந்தார். பிறகுதான் கேட்டார்.

"உங்க கரி நல்லதா கெட்டதா, எனக்குத் தெரியாது டாக்டர். எனக்குத் தண்ணி வெளுக்கணும் லா, அவ்வளவுதான். இன்னொரு தடவ வருவீங்களா?"

"வரேன்க்கா," என்றேன். எதை நம்பிச் சொன்னேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

எங்கள் ஆய்வுக் குழுவை நடத்திய பேராசிரியர் ஒரு மலாய்க்கார அம்மையார். என் மேல் அக்கறை உள்ளவர். ஆய்வுக்கூடத்து முடிவுகளே நன்றாக இருக்கின்றன, அவற்றைக் கட்டுரையாக எழுதி முடித்துவிடு, உன் ஒப்பந்தமும் முடியப்போகிறது, அடுத்த வேலையைப் பார் என்றார். பட்டறைத் தண்ணீர் தனி ஆய்வு, அதற்கு வருடக்கணக்காகும் என்றார். அவர் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனாலும், ஒப்பந்தத்தில் மிச்சமிருக்கும் மாதங்களை இதற்கே தாருங்கள் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, வாரக் கடைசியில்தான் சூளை காலியாக இருக்கும், பரவாயில்லையா என்று கேட்டார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

பிழை எங்கே என்று கண்டுபிடிக்க அதிக நாள் ஆகவில்லை. சோதனைக்குப் பயன்படுத்திய நீலச் சாயத்தின் மூலக்கூறு சிறியது. துணிக்குப் போடும் சாயத்தின் மூலக்கூறு அதைவிடப் பெரியது. குருவிக் கூட்டுக்குள் காக்கை நுழையப் பார்த்த கதைதான். சாயத்துக்கு உள்ளே போக வாசல் இல்லை. போதாததற்குத் துணியிலிருந்து கரைந்து வந்த கஞ்சி, கரியின் மேலே படலமாகப் படிந்து வழியை அடைத்திருந்தது.

கஞ்சிக்கு வழி எளிது. தண்ணீரை முதலில் ஒரு தொட்டியில் நிறுத்திப் படிகாரம் கலந்தால் கஞ்சி திரண்டு அடியில் தங்கிவிடும். துளைகளைப் பெரிதாக்குவதுதான் என்னைப் படுத்தியது. நீராவி முறையைக் கைவிட்டு, ஓட்டைப் பாஸ்பாரிக் அமிலத்தில் ஊறவைத்துச் சுட்டேன். துளைகள் பெரிதாயின. கரி மட்டும் விரலால் அழுத்தினாலே பொடிந்து, தண்ணீரை மை போலக் கறுப்பாக்கியது. அமிலத்தைக் குறைத்தால் கரி உறுதியாக இருந்தது, துளை சுருங்கியது. சூட்டைக் குறைத்தேன், ஊறும் நேரத்தைக் கூட்டினேன், சுடுவதற்கு முன் நிதானமாக உலரவிட்டுப் பார்த்தேன். உறவினர் கல்யாணங்களுக்கெல்லாம் அம்மாவும் அப்பாவும் நான் இல்லாமலே போய்வந்தார்கள்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சூளையிலிருந்து எடுத்த கரியை இரும்புக் குண்டுகளோடு போட்டுக் குலுக்கினேன். பொடியவில்லை. பட்டறைச் சாயத்தில் போட்டேன். தண்ணீரின் நிறம் வெளுத்தது. மறுநாள் மின்நுண்ணோக்கியில் எடுத்த படத்தைப் பேராசிரியரிடம் காட்டினேன். அகலமான துளைகள், நடுவே உடையாத சுவர்கள். அவர் எழுந்துபோய் அடுத்த அறையில் இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டு வந்து, அந்தப் படத்தைப் பார்க்கச் சொன்னார்.

மறுபடியும் மேருவுக்குப் போனபோது பட்டறையில் கருஞ்சிவப்புச் சாயம் ஓடிக்கொண்டிருந்தது. படிகாரத் தொட்டியைத் தாண்டி வந்த தண்ணீர் இன்னும் சிவப்பாகவே இருந்தது. அது கரிக்குள் இறங்கியது. மறுமுனையில் கண்ணாடிக் குடுவையைப் பிடித்தேன். குடுவை நிரம்பியது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். குடுவைக்கு அந்தப் பக்கம் நின்ற அக்காவின் முகம் தெளிவாகத் தெரிந்தது. மதியம் வரை ஓடவிட்டோம். தண்ணீர் அப்படியே இருந்தது.

அக்காவுக்கு அது போதவில்லை. புதுச்சுருளிலிருந்து வெள்ளைத் துணி ஒரு துண்டு கிழித்துவந்து, அந்தத் தண்ணீரில் முக்கி அலசி, கொடியில் போட்டார்.

"காஞ்சாதான் தெரியும் டாக்டர். ஈரத்துல சாயம் ஒளிஞ்சுக்கும்."

மேருவின் வெயில் அன்றைக்கு ஏனோ மேகத்துக்குள் போய்ப் போய் வந்தது. காலி டிரம்களைக் கவிழ்த்து இருவரும் உட்கார்ந்திருந்தோம். கொடியில் ஆடும் துணி ஒரு சமயம் வெள்ளையாகவும் மறு சமயம் லேசாகச் சிவந்தும் என் கண்ணுக்குத் தெரிந்தது. எழுந்துபோய்த் தொட்டுப் பார்க்கக் கை பரபரத்தாலும் அடக்கிக்கொண்டேன். நன்றாகக் காய்ந்த பிறகு அக்கா துணியை எடுத்து, அதே சுருளிலிருந்து நனைக்காத ஒரு துண்டையும் கிழித்து, இரண்டையும் மேசையில் அருகருகே விரித்தார். குனிந்து பார்த்தார். இடம் மாற்றி வைத்துப் பார்த்தார். தொழிலாளிகளில் ஒருவரைக் கூப்பிட்டு அவரையும் பார்க்கச் சொன்னார்.

"எத நனைச்சேன், எத நனைக்கலன்னு இப்போ எனக்கே தெரியல," என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவே இல்லை.

நான் வெளியே வந்து அப்பாவைக் கைப்பேசியில் கூப்பிட்டுச் சொன்னேன்.

"நாங்க அத வெறும் வெறகாதான்மா பார்த்தோம்," என்றார். "நீ அத வச்சு ஒரு பட்டறையவே காப்பாத்திட்ட."

அதற்குப் பிறகு நடந்தவை மளமளவென்று நடந்தன. கிள்ளானில் ஒரு உலோகப் பட்டறையில் சொல்லிப் பெரிய தொட்டிகளைச் செய்து வாங்கினோம். அதிகாரிகள் வந்து தண்ணீரை எடுத்துப்போய்ச் சோதித்தார்கள், எச்சரிக்கையை நீக்கினார்கள். சுத்தமான தண்ணீரைக் கால்வாயில் விடுவானேன் என்று அக்காவே கேட்டு, அதைத் துணியின் முதல் அலசலுக்குத் திருப்பிவிட்டார். சாயம் குடித்து ஓய்ந்த கரியை நாங்கள் மறுபடி சுட்டுத் தருகிறோம். ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் திறன் இழக்கிறது. அதைக் குறைப்பதுதான் இப்போது என் ஆய்வு. என் ஒப்பந்தத்தை நீட்டிக்கப் பேராசிரியரே எழுதிப் பெற்றுத் தந்தார்.

சென்ற மாதம் பக்கத்து ஊரான காப்பாரிலிருந்து சில தொழிற்சாலைக்காரர்கள் தொட்டிகளைப் பார்க்க மேருவுக்கு வந்திருந்தார்கள். விளக்கம் சொல்ல நான் படங்களோடு தயாராகப் போயிருந்தேன். எனக்கு வேலையே இல்லை. அக்கா அவர்களைத் தொட்டி தொட்டியாக அழைத்துப்போய், படிகாரம் எதற்கு, கரி எதற்கு, எப்போது மாற்ற வேண்டும் என்று மலாயிலும் தமிழிலும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். ஈரக் கரியை ஒரு பிடி அள்ளி, ஒருவரின் உள்ளங்கையில் வைத்தார்.

"அழுத்திப் பாருங்க, நொறுங்காது. பந்திங் ஓடு. எங்க கரி."

எங்க கரி என்று அவர் சொன்னதைக் கேட்டபடி நான் பின்னால் நின்றேன். பட்டம் வாங்கிய மேடையில்கூட எனக்கு அப்படி ஒரு நிறைவு வந்ததில்லை. வந்தவர்களில் ஒருவர், ரப்பர் கையுறை செய்கிறவர், தன் தொழிற்சாலைத் தண்ணீரில் வேறு மாதிரிக் கழிவு இருக்கிறதே, அதற்கும் இந்தக் கரி உதவுமா என்று அக்காவைக் கேட்டார்.

"அத அவங்ககிட்ட கேளுங்க," என்று அக்கா என் பக்கம் கையைக் காட்டினார்.

உதவுமா என்று எனக்கு இன்னும் தெரியாது, உங்கள் தண்ணீரில் ஒரு புட்டி கொடுங்கள், பார்த்துச் சொல்கிறேன் என்றேன் நான்.