தள்ளினால் ஓடாத கார்

எங்கள் மலையில் ஓடாத வண்டி என்று ஒன்று கிடையாது. சாவிக்கு மசியாவிட்டால் நாலு பேர் தோள் கொடுப்பார்கள், சரிவில் உருளும், கிளச்சை விட்டதும் ஒரு குலுக்குக் குலுக்கிப் புறப்பட்டுவிடும். இலங்கை மலைநாட்டில் பதுளையிலிருந்து அப்புத்தளை வரை பாதி லாரிகள் காலையில் இப்படித்தான் கண் விழிக்கும். பேட்டரி செத்துப்போனதற்காக எவனும் உட்கார்ந்து அழுததில்லை. ஆனால் எங்கள் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு வந்து சேர்ந்த அந்தச் சனியனைத் தள்ளி ஒரு புண்ணியமும் இல்லை.

அது ஆட்டோ கியர் கார். தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது வெள்ளைக்காரத் துரை விட்டுப்போனது. கிளச் மிதி இல்லை, கியரைத் தானே மாற்றிக்கொள்ளும். இரண்டு சீட்டுக்கும் நடுவில் தரையிலிருந்து ஒரு கியர்த் தண்டு நிற்கும். அதைப் 'பார்க்'கிலோ நியூட்ரலிலோ வைத்துச் சாவியைத் திருகினால்தான் எஞ்சின் எடுக்கும். எஞ்சின் எடுக்காவிட்டால் ஊரே கூடித் தள்ளினாலும் சக்கரம்தான் உருளும். புதிதாக வந்த துரைக்கு அது பிடிக்கவில்லை. நோயாளிகளைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக என்று டிஸ்பென்சரிக்குக் கொடுத்துவிட்டார். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் பார்த்தேன். பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

ஏனென்றால் அப்போது என் மனைவி நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். முதல் பிள்ளையை நாங்கள் பிரசவத்துக்குப் போகும் வழியில் தேயிலை லாரியிலேயே பறிகொடுத்தவர்கள். அன்று அடைமழை. பதுளைக்குப் போகும் ஸ்பிரிங்வெளிப் பாதையில் ஒரு வளைவில் லாரி சேற்றில் புதைந்தது, அதை இழுத்து எடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு லயத்து வரிசை வீடுகளில் எங்களுடைய ஒற்றை அறைக் காம்பராவில் அந்தப் பிள்ளையைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. இரண்டாவது உண்டானதும் டிஸ்பென்சரி டாக்டர் ஐயா என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"இந்தத் தடவ லயத்துல வெச்சுப் பாக்க முடியாது. வலி கண்ட ஒடனே பதுளைக்குப் போயிரணும். அதுக்குத்தான் கார் இருக்கே."

கார் இருந்தது. அது எடுக்குமா எடுக்காதா என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

நான் தேயிலை ஸ்டோரில், கொழுந்தைத் தூளாக்கும் தொழிற்சாலையில், மின்சார வேலை பார்த்தவன். கொழுந்து வாட்டும் காற்றாடியில் கோளாறு என்றால் சத்தத்தை வைத்தே எந்த மோட்டார் என்று சொல்லிவிடுவேன். அந்தத் திமிரில்தான் காரில் கை வைத்தேன். கோளாறு இதுதான்: சில நாள் சாவியைத் திருகினால் ஒன்றுமே நடக்காது. 'டிக்' என்ற சத்தம்கூட வராது. முன்விளக்கைப் போட்டால் பளிச்சென்று எரியும், ஹாரன் தோட்டம் முழுவதும் கேட்கும். பேட்டரியில் சக்தி இருக்கிறது, ஸ்டார்ட்டருக்கு மட்டும் போய்ச் சேரவில்லை. சரி, எங்கே அறுந்திருக்கிறது என்று பார்க்கலாம் என்று நான் ஓடிப்போய் நின்றால், முதல் திருகிலேயே எஞ்சின் எடுத்துவிடும். எடுக்கும் வண்டியில் எடுக்காத காரணத்தை எப்படித் தேடுவது?

அந்தக் காரை ஓட்டிய டிரைவர் அண்ணன் வயதில் மூத்தவர். எதற்கும் அலட்டிக்கொள்ளாதவர். அது எனக்கு இன்னும் எரிச்சல்.

"ஒங்களக் கண்டா அதுக்குப் பயம் தம்பி. மாமியாரக் கண்ட மருமக மாதிரி ஒழுங்கா நிக்கிது பாருங்க."

"ஒங்களுக்கு வெளயாட்டா இருக்கு. என் பொண்டாட்டிக்கு வலி வர்ற அன்னைக்கு அது நின்னுச்சுன்னா?"

அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். அந்த லாரியை அன்று ஓட்டியதும் அவர்தான்.

பேட்டரி முனைகளைச் சுரண்டினேன். எர்த் வயரை மாற்றினேன். ஸ்டார்ட்டரை இறக்கித் துடைத்து ஏற்றினேன். பேட்டரியைத் தூக்கிக்கொண்டு பதுளைக் கடைவீதிக்குப் போனேன். பேட்டரிக் கடைக்கார முஸ்லிம் நானா அளந்து பார்த்துவிட்டு, "இதுக்கு ஒரு கொறையும் இல்ல தம்பி, வேற எடத்தில பாருங்க" என்று திருப்பிக் கொடுத்தார். ஒவ்வொரு தடவையும் கார் நல்ல பிள்ளையாக ஒரு வாரம் ஓடும். 'தீர்ந்தது' என்று நான் மார்தட்டிய மறுநாள் நிற்கும். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஸ்டோரில் சும்மா நின்றவர்கள்மீதெல்லாம் எரிந்து விழுந்தேன்.

என் மனைவி பயத்தை வெளியில் காட்டவில்லை. மாரியம்மன் கோயிலுக்குப் போனாள். வெள்ளிக்கிழமை தவறாமல் ஒரு சொம்பில் மஞ்சள் தண்ணீரும் கிண்ணத்தில் அரைத்த சந்தனமும் கொண்டுவந்து டிரைவர் அண்ணனிடம் கொடுப்பாள். அவர் ஸ்டியரிங்குக்குப் பொட்டு வைத்து, கியர்த் தண்டின் தலையில் சந்தனத்தை அப்பி, மஞ்சள் தண்ணீரை அதன்மேல் ஊற்றிக் கும்பிடுவார். மலைநாட்டில் எந்த வண்டியில் இது இல்லை? கார் நின்ற வாரமென்றால் அவள் இரண்டு சொம்பு கொடுத்தனுப்புவாள்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். பனி இறங்கியிருந்தது. ஸ்டோரிலிருந்து ஏறி வருகிறேன், டிஸ்பென்சரிக் கார் என்னைத் தாண்டி மேலே போனது. அதன் பின்னால் வெள்ளை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் எரிய வேண்டிய விளக்கு அது. டிஸ்பென்சரி வாசலில் டிரைவர் அண்ணனைப் பிடித்தேன்.

"முன்னால போற காருக்குப் பின்னால போற வெளக்கு எதுக்குண்ணே?"

"எரிஞ்சா எரிஞ்சிட்டுப் போகட்டும் தம்பி. பனிக்கு நல்லதுதானே."

இது வேறொரு வயரின் கோளாறு, இது இப்போது ஒரு கேடா என்று அலுத்துக்கொண்டு லயத்துக்குப் போனேன்.

மறுநாள் மதியம், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்திலிருந்து ஒருத்தி ஓடிவந்து, என் மனைவிக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது என்றாள். நான் போவதற்குள் பெண்கள் அவளைத் தாங்கிக்கொண்டுவந்து காரின் பின்சீட்டில் படுக்க வைத்திருந்தார்கள். முகம் வெளிறியிருந்தது. டாக்டர் ஐயா அவள் வயிற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "பிள்ள குறுக்கால கெடக்கு, கெளம்புங்க" என்றார்.

டிரைவர் அண்ணன் சாவியைத் திருகினார். சத்தமே இல்லை. மறுபடி திருகினார். அதே கதைதான். லாரிக்கு ஆள் விட்டோம். அது தேயிலைப் பெட்டிகளோடு ஸ்டேஷனுக்குப் போயிருந்தது. பழக்க தோஷத்தில் நாலைந்து ஆண்கள் ஓடிவந்து காரின் பின்னால் தோளைக் கொடுத்தார்கள்.

"தள்ளாதீங்கடா! தள்ளி என்ன பிரயோசனம்?" என்று கத்தினேன். அவர்கள் என்ன தப்புச் செய்தார்கள், பாவம். உள்ளே அவள் பல்லைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை நான் ஏற்கெனவே ஒரு தடவை லாரியில் பார்த்திருக்கிறேன்.

பின்னால் நின்றவர்களைப் பார்த்ததும்தான் அந்த வெள்ளை விளக்கு ஞாபகம் வந்தது.

"அண்ணே, சாவியத் தெறந்து வைங்க. தண்டு எங்க இருக்கு?"

"பார்க்குலதான் தம்பி."

"பின்னால வெள்ள வெளக்கு எரியுதான்னு பாருங்கடா."

"எரியுதுண்ணே."

தண்டு பார்க்கில் நிற்கிறது, கார் தன்னை ரிவர்ஸில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. அப்புறம் எப்படி ஸ்டார்ட்டருக்குக் கரண்டை விடும்? விளக்குக்கும் ஸ்டார்ட்டருக்கும் பொதுவாக இருப்பது ஒன்றே ஒன்றுதான். தண்டு எந்த இடத்தில் நிற்கிறது என்று காருக்குச் சொல்லும் சின்ன ஸ்விட்ச். பேட்டரி, எர்த், ஸ்டார்ட்டர் என்று ஊரெல்லாம் சுற்றினேனே, தண்டின் காலடியில் குனிந்து பார்த்தேனா?

முன்சீட்டில் மண்டியிட்டுத் தண்டைச் சுற்றியிருந்த தகட்டைக் கழற்றினேன். அவசரத்தில் ஒரு ஆணி எங்கோ உருண்டு போனது. தகட்டைத் தூக்கியதும் சந்தன வாசனை குப்பென்று அடித்தது. ஸ்விட்ச் முழுக்க மஞ்சளும் சந்தனமும் களியாக அப்பிக் கிடந்தன, நடுவில் ஒரு சாமந்தி இதழ். லாரியில் தண்டின் அடியில் ரப்பர் உறை இருக்கும், எவ்வளவு ஊற்றினாலும் தரைக்குப் போய்விடும். இதிலோ தண்டு நகர விட்ட பிளவு வழியாக நேரே ஸ்விட்சுக்குள் இறங்கியிருக்கிறது. ஈரமாக இருக்கும்போது பசை, உள்ளே நகர வேண்டிய பித்தளைத் துண்டைப் பிடித்துக்கொள்ளும். காய்ந்தால் உதிர்ந்துவிடும், கார் ஒழுங்காக ஓடும். நின்ற வாரத்தில் இரண்டு சொம்பு!

வயர்களைப் பிடுங்கி நேரே முறுக்கிவிடலாம்தான். நாலு வயரும் அழுக்கில் ஒரே நிறம், எது எதுவென்று தேட நேரமில்லை. டாக்டர் ஐயாவிடம் ஸ்பிரிட் பாட்டிலை வாங்கி ஊற்றி, நகத்தாலும் ஸ்குரூ டிரைவராலும் சுரண்டினேன். பின்சீட்டில் அவள் "ஆத்தா, ஆத்தா" என்று முனகினாள். ஆத்தாவைத்தான் சுரண்டிக்கொண்டிருக்கிறேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்? பித்தளைத் துண்டு அசைந்தது. மெல்ல நகர்ந்து தன் இடத்தில் போய் உட்கார்ந்தது.

"வெளக்கு அணைஞ்சிருச்சுண்ணே" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

"இப்பத் திருகுங்க."

எஞ்சின் எடுத்தது. பதுளை வரை தண்டைத் தொடக்கூட எனக்குப் பயம். லாரி புதைந்த வளைவு வந்தபோது டிரைவர் அண்ணன் உதட்டைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். அவள் கை என் தோளில் இருந்தது. நகம் பதிந்து ரத்தம் வந்ததைச் சட்டையைக் கழற்றும்போதுதான் பார்த்தேன்.

வயிற்றைக் கீறித்தான் எடுத்தார்கள். பெண் குழந்தை. இருவருக்கும் குறையில்லை என்று நர்ஸ் வந்து சொன்னபோது, வெளி வராந்தாவில் டிரைவர் அண்ணன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். அவரிடம் ஒன்றுதான் கேட்டுக்கொண்டேன்: ஸ்விட்ச் விஷயத்தை அவளிடம் சொல்லாதீர்கள்.

மறுநாள் கட்டிலருகே உட்கார்ந்தேன். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அவள் மெல்லிய குரலில் சொன்னாள்.

"ஆத்தாதாங்க காரக் கெளப்பிவிட்டா. வர்ற வெள்ளிக்கெழம ரெண்டு சொம்பா ஊத்தச் சொல்லுங்க."

வேறு நாளாக இருந்தால் ஆஸ்பத்திரியே அதிரக் கத்தியிருப்பேன். "ம்" என்று மட்டும் சொன்னேன். நான் கத்தாததுதான் அவளுக்கு உறுத்தியிருக்க வேண்டும். என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். நகக்கண்ணில் எல்லாம் மஞ்சள் ஏறியிருந்தது.

"நீங்க நேத்துச் சொரண்டுனது இதத்தானா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. தலையை ஆட்டினேன். அவள் கண் நிறைந்துவிட்டது. குழந்தையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அன்னைக்கு அந்த லாரிக்கும் நான்தாங்க பொட்டு வெச்சேன்."

எங்கள் முதல் பிள்ளையைப் பற்றி அவள் பேசியது அதுதான் முதல் தடவை. இத்தனை காலமும் இதையா நெஞ்சில் வைத்துக்கொண்டிருந்தாள் என்று எனக்கு ஆறவில்லை.

"லாரி சேத்துல பொதஞ்சுச்சு. ஒன் பொட்டுல பொதயல. கேட்டுக்க, அது ஒன்னால இல்ல" என்றேன். சத்தமாகத்தான் சொல்லியிருக்கிறேன், பக்கத்துக் கட்டில்களில் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் வெகுநேரம் அழுதாள். நானும்தான். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"டயருக்கு ஊத்தலாமா?"

"ஊத்து" என்றேன். "நாலு டயருக்கும் ஊத்து."