டேனரிச் சுவரோரம் ஒரு தூங்கும் அறை

வெள்ளிக்கிழமை காலை லாங் பஜார் நெரிசலில் முட்டிமோதி வெளியேறி, வேலூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் பேருந்தில் குலுங்கி, ஆம்பூரில் இறங்கியபோது பன்னிரண்டரை. ஷேர் ஆட்டோவுக்கு இருபது ரூபாய்.

“டேனரி சந்துக்கா? மூக்கப் பொத்திக்கோ சார், ரொம்ப பேஜாரு” என்றார் ஓட்டுநர்.

அந்தச் சந்தில், ஷூ கம்பெனிப் பெண்களின் கைக்குழந்தைகளுக்காகக் காப்பகம் ஒன்று கட்டியிருக்கிறார் ஷபானா. கட்டடக் கலைஞர், ஆம்பூர்க்காரர், என் சிநேகிதி. திங்கட்கிழமைதான் திறந்தார்கள். நிழலைப் பிசைந்து எழுப்பியதுபோல் ஒரு முற்றம். மெச்சிக்கொண்டே தூங்கும் அறைக்குள் போனவன் அதிர்ந்து நின்றேன். பக்கத்தில் தோல் பதனிடும் டேனரியின் சுவரை ஒட்டி வரிசையாகத் தொட்டில்கள். சுவருக்கு அந்தப் பக்கம், தோல்களை வயிற்றில் போட்டுக்கொண்டு உருளும் ராட்சத மரப் பீப்பாய். தொம்... தொம்... அதிர்வு தரை வழியே உள்ளங்காலில் ஏறியது. குழந்தைகள் எப்படியோ தூங்கிக்கொண்டிருந்தன. எந்தப் பைத்தியம் இங்கே படுக்க வைக்கும்?

காப்பகச் செயலாளர் இக்பால் பாய் ஷபானாவிடம் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

“இன்னாம்மா இது? ஸ்டோர் ரூம் கட்டற எடத்துல புள்ளைங்கள போட்டிருக்கே! நாளைக்கு மேஸ்திரி வர்றாரு. இத குடோன் ஆக்கிட்டு, தொட்டில பின்னால மாத்துறோம்.”

“ஜன்னலெல்லாம் அந்தாண்ட வெச்சிருக்கேன் பாய், நாத்தம் வராது. சத்தம் வேணும்னுதான் இங்க வெச்சேன். இந்தப் புள்ளைங்க வீடும் இதே சந்துதான. நானும் இந்தச் சத்தத்துலதான் வளந்தேன்.”

“நீ வளந்தே. அதுக்குன்னு?”

“பாய் சொல்றது நியாயம்தானே?” என்று நானும் சொல்லித் தொலைத்தேன். ஷபானாவின் முகம் வெளுத்தது. அவர் கட்டியதன் உயிரே அந்த அறைதான்.

ஜும்மா நேரம் வந்தது. தொழுகைக்காக டேனரியில் பீப்பாயை நிறுத்தினார்கள்.

அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள் ஒரு தொட்டில் வீறிட்டது. அடுத்தது. அப்புறம் எல்லாமே. பதறிப்போன பாய் ஒன்றைத் தூக்கித் தோளில் சாய்த்து முதுகில் தட்டினார். மெதுவாக, கனமாக, இடைவெளி விட்டு. பீப்பாயின் அதே தாளம். பாயும் இந்தச் சந்தில் பிறந்தவர்தான். குழந்தை அடங்கியது. தன் கை செய்வது புரிந்தது போலும், அவர் திகைத்து நிறுத்தினார். குழந்தை மறுபடி வீறிட்டது.

“தட்டுங்க பாய்” என்றார் ஷபானா, இரண்டு குழந்தைகளைத் தோளில் போட்டபடி.

“ஜமாத் தொழுகைக்கு லேட்டாவுது... யா அல்லா!” தட்டிக்கொண்டே சொன்னார்: “மேஸ்திரிக்கு நீயே போன் போட்டு வேணாம்னு சொல்லும்மா. என் கை காலியா இல்ல.”

வேலூர் திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன். நான் எந்தச் சத்தத்தில் தூங்கி வளர்ந்தேன்? எத்தனையோ ஊர், எத்தனையோ வாடகை வீடு. நினைவில் ஒன்றும் கேட்கவில்லை. பயமாக இருந்தது.